இரட்டை எழுத்து ரூபாய்

தாலுகா கஜானாவில் நாணயம் பார்த்து வாங்கும் ஷராப்பு வேலையில் இருந்தபோது எனக்கு ஏகப்பட்ட திமிர். கல்லில் ஒரு ரூபாயைச் சுண்டினால் போதும், நல்லதா கள்ளமா என்று காதே சொல்லிவிடும். கள்ளப் பணம் என்றால் கொண்டுவந்தவர் எதிரிலேயே வெட்டித் துண்டுகளைக் கையில் கொடுப்போம். வெட்டிய பிறகு வேறு பேச்சுக்கு இடமில்லை.

எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் ஒருநாள் வேட்டி முடிப்பை அவிழ்த்து ஒற்றை வெள்ளி ரூபாயை என் முன்னால் வைத்தார்.

“மகனுக்குப் பொண்ணு பேசி, பொண்ணுக்குக் குடுக்கற பரியப் பணத்தைத் தட்டுல வச்சமுங்க. பொண்ணோட மாமன் இதை எடுத்துப் பாத்துட்டு, கள்ளப் பணம் வைக்கற ஊட்டுல பொண்ணு குடுக்க மாட்டமுன்னு தட்டைத் தள்ளிப்போட்டாருங்க. நீங்க பாத்துச் சொல்லோணும் சாமி.”

பார்த்தேன். வருஷ எண்ணும் பக்கத்து எழுத்துகளும் இரட்டை இரட்டையாய்த் தெரிந்தன.

“இதைப் பாக்கவா இத்தனை தொலைவு வந்தீங்க? அப்பட்டமான கள்ளம்!” என்று கத்தரியை எடுத்துவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. வெட்டுமுன் வழக்கத்துக்காக ஒருமுறை சுண்டினேன். கணீரென்றது! தராசில் நிறுத்தேன். எடையும் சரியாக நின்றது.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். தேய்ந்த எழுத்து என்றால் தட்டையாகப் பரந்து கிடக்கும். அச்சடிக்கையில் காசு நகர்ந்ததென்றால் ஒரு பக்கம் நசுங்கிப் படிபோல் தாழ்ந்திருக்கும், எழுத்தும் மெலிந்துபோகும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு முகடு; இரண்டும் உருண்டு எழும்பி நின்றன, முனைகளில் மட்டும் சின்னப் பிளவு. கோளாறு காசில் இல்லை, அதை அடித்த அச்சிலேயே இருக்கிறது! அப்படியானால் இதன் கூடப்பிறந்தவை எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

அதே வருஷத்து ரூபாய்களைக் கஜானாப் பெட்டியிலிருந்து கொட்டி அளைந்தேன். வெயில் சாயும் நேரத்தில் ஒன்று அகப்பட்டது. அதே எழுத்து, அதே சாய்வு, அதே பிளவு. எத்தனை ஊர், எத்தனை சந்தை, எத்தனை மடி சுற்றிவிட்டு இரண்டும் என் மேசைக்கு வந்திருக்கின்றன! அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“நல்ல பணந்தான். அவங்களுக்குச் சந்தேகம் தீரலீன்னா வேற ரூவா தர்றேன், மாத்தி வையுங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க. மாத்துனா அது கள்ளந்தான்னு நாங்களே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமுங்க. இதேதான் அந்தத் தட்டுல விழோணும்.”

என் ரூபாய் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு அந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு. அவரோடு பெண் வீட்டுக்கே போனேன். மாமன் இரண்டு காசையும் வாங்கி என் பூதக்கண்ணாடி வழியே வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“என்னுங்க இது அதிசயம்! மசுரளவு கூட மாறலீங்களே!” என்று கண்ணாடியை வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அவரே அந்த ரூபாயைக் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தார். “மன்னிச்சுக்கோணுமுங்க சம்பந்தி” என்றார்.

பையனின் தகப்பனார் தலைத்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். என்னென்று தோளைத் தொட்டுக் கேட்டேன்.

“எம்மவன் கள்ளப் பணத்தை எங்கியோ வாங்கியாந்து கலந்துட்டான்னு நெனச்சு, கல்யாணப் பையனைக் கை நீட்டி அடிச்சுப்போட்டனுங்க சாமி.”