ஏணி நழுவிய வேகம்

திருப்பதி கல்லூரியில் கணக்கு வகுப்பு. கரும்பலகையில் சுவரில் சாய்ந்த ஓர் ஏணி. கால் மெதுவாக, ஒரே வேகத்தில் நழுவுகிறது; உச்சி எவ்வளவு வேகமாக இறங்கும்?

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன மாங்காய்ப் பருவத்தில், நகரி பக்கத்துத் தோப்பில், மாங்காய் பறிக்க ஏறிய என் நைனா அப்படித்தான் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஏணியைப் பிடித்திருந்தது அம்மா.

“மெதுவாத்தான நழுவிச்சி? புடிச்சிக்கினு இருந்தவ கண்ணு எங்க போச்சி?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் தோப்பு முதலாளி. அடி தேய்ந்த ஏணியைக் கொடுத்ததே அவர்தான். அன்று குனிந்த அம்மாவின் தலை நிமிரவே இல்லை.

சமன்பாட்டைப் போட்டேன். முதலில் உச்சி இறங்குவதே தெரியாது. தெரியும்போது வேகம் எகிறியிருக்கும். யாராலும் பிடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரில் ஒரு கம்பைச் சாய்த்து, அடியை மெல்ல இழுத்துக் காட்டினேன். அம்மாவும் இழுத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“அப்போ என் தப்பு இல்லியா?”

“இல்லம்மா.”

கம்பைக் கையில் எடுத்தாள். “வா, அந்தாளுக்கும் காட்டு.”

முதலாளி வாசலில், தெருவே பார்க்க, காட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என் கோபம் இன்னும் அடங்கவில்லை. அம்மா மட்டும் நிமிர்ந்து நடக்கிறாள்.