பெயிண்ட் கம்பெனிப் பங்கும் வீரேந்திரன் சாரும்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் வீரேந்திரன் கணக்கு வாத்தியார். சதவீதம் என்றால் அவருக்கு மாம்பழம்தான். நூறு பழம் வாங்கி, பத்து அழுகி, மிச்சத்தை விற்ற அந்த வியாபாரியை அவரிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கு அவருக்குத்தான். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அதில் மண்ணைப் போட வந்தாள் வினோதினி. வயதில் சின்னவள். எட்டாம் வகுப்புக் கணக்கை அவளிடம் கொடுத்தார்கள். அவள் மாம்பழத்தைத் தொடவே இல்லை, பங்குச் சந்தையைக் கொண்டுவந்துவிட்டாள். வகுப்பே சேர்ந்து ஒரு பெயிண்ட் கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கியதாகப் பாவனை. தினமும் விலையைப் போர்டில் எழுதி, எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது, வாரச் சராசரி என்ன என்று பிள்ளைகளே போடவேண்டும். பத்து சதவீதம் இறங்கிய பங்கு பத்து சதவீதம் ஏறினாலும் பழைய விலைக்கு வராது என்று கண்டுபிடித்த அன்று, அவர்கள் போட்ட சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது. மாம்பழத்துக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை.

வீரேந்திரனுக்கு வயிறு எரிந்தது. "பசங்களுக்கு சூதாட்டம் கத்துக்குடுக்குது அந்தப் பொண்ணு" என்று புலம்பிப் பார்த்தார். யாரும் ஒத்து ஊதவில்லை. கொடுமை என்னவென்றால், அவர் மகள் சுருதியும் அதே எட்டாம் வகுப்பு. ஜைன வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தட்டின் முன் உட்கார்ந்ததுமே அவள், "அப்பா, எங்க மிஸ் இன்னைக்கு..." என்று ஆரம்பிப்பாள். "சாப்பிடும்போது பேசாத" என்று அடக்கிவிடுவார்.

இந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் பலராமன் ஒரு குண்டைப் போட்டார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு யாருக்கு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்வாராம். வீரேந்திரனுக்குத் தூக்கம் போயிற்று.

பௌர்ணமி கிரிவல நெரிசலுக்குப் பயந்து ஒரு வாரம் தள்ளிப்போன கூட்டம் அது. அன்று காலை யாரும் இல்லாத நேரத்தில் எட்டாம் வகுப்புப் போர்டை எட்டிப் பார்த்தார். முந்தின நாள் விலை ஆயிரத்து ஐந்நூறு. கூட்டம் தொடங்கும் முன் போனில் பார்த்தார். முந்நூறு. அவருக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளவேண்டியிருந்தது.

வினோதினி தன் பங்குச் சந்தைப் பாடத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் வீரேந்திரன் எழுந்தார். "மிஸ், உங்க பங்கு நேத்து ஆயிரத்து ஐந்நூறு. இன்னைக்கு முந்நூறு. எண்பது பர்சென்ட் காலி. இதைத்தான் பசங்களுக்கு சொல்லித் தர்றீங்களா?"

பெற்றோர் பக்கம் சலசலப்பு. வினோதினி வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் பிள்ளைகளோடு இருந்த சுருதி எழுந்து நின்றாள்.

"காலி ஆகல சார்" என்றாள். பள்ளியில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "கம்பெனியில ஒரு பங்கை அஞ்சா பிரிச்சிட்டாங்க. நம்மகிட்ட பத்து இருந்துச்சு, இப்ப அம்பது. பெருக்கிப் பாருங்க, அதே பதினஞ்சாயிரம்தான் வரும். மிஸ் போன வாரமே சொன்னாங்க."

போன வாரம் சாப்பாட்டின்போது அவள் 'பெயிண்ட் கம்பெனி' என்று ஏதோ தொடங்கியதும், தான் அதட்டியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். விலையைப் பார்த்த கணக்கு வாத்தியார் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. முகம் செத்துப்போய் நின்றார்.

வினோதினி மைக்கை வாங்கினாள். "சாருக்குத் தெரியாம இருக்குமா? பசங்களுக்குப் புரிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் அப்படி மடக்கினாரு. தேங்க்ஸ் சார்."

கைதட்டினார்கள். பலராமன் அப்படியே நம்பிவிட்டார். "இப்படி மடக்கிக் கேக்கறவருதாங்க பத்தாவதுக்கு வேணும்" என்று அங்கேயே அறிவித்தார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வெளியே வரும்போது சுருதி கேட்டாள்: "அப்பா, நிஜமாவே வேணும்னுதான் கேட்டீங்களா?"

"ஆமாம்மா."

அவள் நம்பினாள். பெருமையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த வினோதினி, தலையசைத்துவிட்டுப் போனாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வேடிக்கை பார்த்திருப்போம் என்று வீரேந்திரனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மனசு அவளுக்கு இருக்கிறதே என்று, அதற்கும் பொறாமையாக இருந்தது.