சீக்கிரம் காய்ந்த புண்

தொண்ணூறுகளில் இரும்புலியூரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட தேவராஜ் அண்ணன், தையல் தழும்பில் சீழ் கசியும்போதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் வருவார். நான் ஆன்டிபயாடிக் கொடுப்பேன். இரண்டே நாளில் காய்ந்துவிடும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான்காவது முறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பார்க்கப் போயிருந்தேன். அந்தச் செயற்கை மூட்டைக் கழற்றிவிட்டு, கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த எலும்பு சிமென்ட் வைக்கப்போவதாக டாக்டர் சொன்னார்.

“ஆனா சீழ் டெஸ்ட்ல கிருமியே வளரல. நடுவுல மாத்திரை போட்டிருக்கீங்க; மேல காஞ்சிருக்கு, உள்ள கிருமி அப்படியே இருக்கு. என்ன கிருமின்னே தெரியாம, இப்ப எந்த மருந்தைக் கலக்கறதுன்னு குத்துமதிப்பாத்தான் முடிவு பண்ணணும். யார் குடுத்தது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஞாபகம் இல்ல சார்.”

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலுடன் கடைக்கு வந்தார். வேட்டியில் இடுப்புப் பக்கம் ஈரம்.

“மறுபடியும் கசியுது தம்பி. அங்க போனா திரும்பவும் அறுப்பாங்க. நீ குடுத்தா நின்னுடும். அதுக்குத்தான் அன்னிக்கு உன் பேரைச் சொல்லல.”

அதுவரை அவர் என்னை மன்னித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். கடையைச் சாத்தி, அவரை ஆட்டோவில் ஏற்றிப்போய், மாத்திரை கொடுத்தது நான்தான் என்று டாக்டரிடம் நானே சொன்னேன்.

கசியும் புண்ணைவிட, சட்டென்று காய்ந்துவிடும் புண்ணைக் கண்டால்தான் எனக்கு இன்றும் பயம்.