பனியன் பைக்குள் பேட்டரி

சட்டைப் பொத்தானை மூன்றாவது வரை கழற்றி, பனியனுக்குள் கைவிட்டு, இடது மார்பை ஒட்டித் தைத்திருக்கும் பைக்குள் கேமரா பேட்டரிகளை ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி இறக்குகிறார் சதக்கத்துல்லா. மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் வாடகை ஜாக்கெட், வாடகைக் கால்சட்டை, காலுக்கு ஒரு செங்கல் கனத்தில் வாடகை பூட்ஸ். பக்கத்து பெஞ்சில் உடைமாற்றிக்கொண்டிருந்த ரஷ்யத் தம்பதி, இந்த மனிதருக்கு நெஞ்சில் ஏதோ கருவி பொருத்தியிருக்கிறது போலும் என்று இரக்கப்பட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவரும் நோயாளிக்குரிய பணிவோடு அதைப் பெற்றுக்கொண்டார்.

வெளியே துபாயில் ஜூன் மாதம். பார்க்கிங்கில் காரின் கைப்பிடியைத் தொட்டால் கை பழுத்துவிடும். மாலுக்குள்ளோ கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சைபருக்குக் கீழே குளிரை வைத்து, பனியைக் கொட்டி, மலைபோல் ஒரு சரிவைக் கட்டி, மேலே போக நாற்காலி லிஃப்டும் தொங்கவிட்டிருக்கிறார்கள். மகள் ஹிஃப்ஸா அங்கே பனிச்சறுக்குப் பழகுகிறாள். சதக்கத்துல்லா அதைப் படம் பிடிக்கிறார். குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

பாக்கெட் வைத்த பனியன் கீழக்கரைக்காரருக்குப் புதிதல்ல. பாஸ்போர்ட்டும் பணமும் பத்திரமாகப் பயணப்பட என்று ஊர் டெய்லர் தைத்துக் கொடுப்பதுதான். இவர் மட்டும் உள்ளே மெத்தென்று ஃபிளானல் துணி வைத்துத் தைக்கச் சொன்னார். “பேட்டரிக்கு எதுக்கு காக்கா ஃபிளானல்?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் டெய்லர். “அதுக்கும் குளிரும்ல?” என்றார் சதக்கத்துல்லா. இதே மனிதர் ஹிஃப்ஸாவுக்குக் கையுறை வாங்கியது நாயிஃப் சந்தையில், நடந்துகொண்டே, ஒரு பார்வையில். இரண்டு சைஸ் பெரிது. “வளர்ற புள்ள” என்று காரணம் சொன்னார். துபாயின் செயற்கைப் பனியில் அவள் இன்னும் மூன்று வருடம் சறுக்கப் போகிறாள் என்ற கணக்கு போலும்.

துபாய் தேராவில் அவருக்கு மொபைல் சாமான் கடை. கவர், சார்ஜர், இயர்ஃபோன், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த ஆக்‌ஷன் கேமராக்கள். பெருநாள் லீவு நெருங்கினால் வளைகுடாத் தமிழர்களில் பாதிப்பேர் பனி பார்க்க ஜார்ஜியாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முந்தின வாரம், பள்ளிவாசல் பிரசங்கம் போல, கடையில் பயான் நடக்கும். “பேட்டரிய புள்ளையப்போல வச்சுக்கணும் பாய். உடம்போட ஒட்டி இருக்கணும். வெளிப்பாக்கெட்டுல போட்டியளா, கலாஸ், முடிஞ்சுது, அது கபுர்ஸ்தான், நேரா அடக்கந்தான்.” கேட்பவர் மெமரி கார்டு ஒன்று வாங்க வந்தவராக இருப்பார். முழுதும் கேட்காமல் வெளியேற முடியாது. ஸ்கிரீனை அணைத்து வை, வைஃபையை அணைத்து வை, லென்ஸில் ஊதாதே, துண்டு துண்டாக எடு, வெளியே வரும் முன் காற்றுப் புகாத பையில் போட்டு மூடு.

அபுதாபியில் இஞ்சினீயராக இருக்கும் பாஸ்கர் ஒருமுறை பயானின் நடுவில் குறுக்கிட்டு, “பாய், நீங்க எந்தெந்த நாட்டுல பனிமலை ஏறியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். “பனி எங்கயும் பனிதானே சார்,” என்றார் சதக்கத்துல்லா. வானத்திலிருந்து விழுந்த பனியை அவர் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, பாஸ்கரும் கேமராவை வாங்கிக்கொண்டுதான் போனார்.

வீட்டில் இந்த ஞானத்தின் பாரம் முழுதும் ருக்கையாவின் தலையில். செருப்புப் பெட்டி, பை, மருந்து டப்பா எதைத் திறந்தாலும் உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் முதலில் கணவருக்கு. அரிசி டிரம்முக்குள் கைவிட்டால் படிக்குப் பதிலாகக் கேமரா தட்டுப்படும். “ஈரம் ஏறிருச்சு புள்ள, ரெண்டு நாளைக்கி அங்கனயே கெடக்கட்டும்.” இரண்டு நாள் ருக்கையா அரிசி அள்ளும்போதெல்லாம் லென்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாலுக்குப் போகும் வழியில் காரில் ஏசியின் குளிர்காற்று நேராகக் கேமராப் பையின் மேல்தான் வீசும். சூடு ஏறினால் அதற்கு ஆகாது. பின்சீட்டில் ஹிஃப்ஸா வியர்த்துக் கொட்டுவாள். அவளுக்கு ஆகும்.

இவ்வளவு பாடுபட்டு அவர் எடுத்த படங்களின் கதை தனி. ஹிஃப்ஸா முதன்முதலாக விழாமல் நின்ற நாளில் பேட்டரி மயங்கிவிட்டது. செத்தது என்று சொல்லக்கூடாது, கோபித்துக்கொள்வார். “மயக்கந்தான். சூடு காட்டினா எந்திரிச்சுரும்.” அவள் முதன்முதலாக லிஃப்டில் ஏறிய நாளில், பேட்டரிக்குச் சூடு காட்ட அவர் ஃபாயில் தாளில் பொதிந்த சுடச்சுட சமோசா ஒன்றைக் கேமராவோடு ஒரே பையில் வைத்திருந்தார். பேட்டரி கம்பீரமாக ஓடியது. சமோசாவின் ஆவி லென்ஸில் படிந்து, படம் முழுக்க வெள்ளையாக ஏதோ அழுதுகொண்டிருந்தது. கீழக்கரையில் இருக்கும் ருக்கையாவின் லாத்தா, மூத்தவள், அதைப் பார்த்துவிட்டு, “புள்ள எங்கடி இக்கிது இதுல?” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். சமோசாவை ஹிஃப்ஸா தின்றாள். அன்றைய முயற்சியில் உருப்படியாக முடிந்தது அது ஒன்றுதான்.

முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பேட்டரி நின்ற படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. சதக்கத்துல்லாவே பலகை கட்டிச் சறுக்கப் போனபோது எடுத்தது. தொடக்கத்தில் இரண்டு முழங்கால், பிறகு நெடுநேரம் கூரை விளக்குகள், பின்னணியில் அவர் அலறி ஓதும் கலிமா. விருந்தாளி வந்தால் ருக்கையா தேநீரோடு இதையும் கொடுப்பாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அடுத்த மாதம் ருக்கையாவும் ஹிஃப்ஸாவும் ஊருக்குப் போகிறார்கள். லீவுக்கு அல்ல, ஒரேயடியாக. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் ஏறிக்கொண்டே போக, கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஆறு பேரோடு பெட் ஸ்பேஸ் பேசி முடித்துவிட்டார் சதக்கத்துல்லா. இரட்டைக் கட்டிலில் மேல் தட்டு. அங்கே படுத்துக்கொண்டு பார்ப்பதற்கு மகளின் படம் ஒன்று, நடுவில் அறுந்துபோகாமல், வெள்ளையாக அழாமல், முழுசாக வேண்டும். வாயைத் திறந்து அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். ஆகவே லென்ஸ், ரெசல்யூஷன், மைனஸ் டிகிரி என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்று ஹிஃப்ஸாவுக்குக் கடைசி வகுப்பு. மலை உச்சியிலிருந்து தனியாக இறங்கப் போகிறாள். காரில் வரும்போதே பின்சீட்டிலிருந்து, “வாப்பா, ப்ளீஸ், இன்னைக்கு கேமரா வேணாம். ஜஸ்ட் என்னைப் பாருங்க,” என்றாள்.

“பாக்கத்தானேம்மா போறேன்.”

“கேமராவுல இல்ல. கண்ணால.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார் நிபுணர்.

ருக்கையா உள்ளே வரவில்லை. சளி பிடிக்கும். பனிச்சரிவைப் பார்த்தாற்போல் கண்ணாடிச் சுவரோரம் இருக்கும் உணவகத்தில், கரக் சாயாவோடு உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடிக்கு உள்ளே, சரிவின் அடியில் பனிமேல், கேமராவைக் குச்சியில் மாட்டிக்கொண்டு சதக்கத்துல்லா நின்றார். ஒரு பேட்டரி கேமராவில். இன்னொன்று ஃபிளானலுக்குள், நெஞ்சுச் சூட்டில்.

லிஃப்ட் ஹிஃப்ஸாவை மேலே கொண்டுபோய் இறக்கியது. பயிற்சி கொடுக்கும் ஃபிலிப்பினோப் பெண் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டினாள். அங்கிருந்து கை அசைத்தாள். அந்தக் கை அசைப்பைச் சதக்கத்துல்லா தீப்பெட்டி அளவு ஸ்கிரீனில் பார்த்தார். அதன் மூலையில் பேட்டரிக் குறி இருந்தது, நியாயமாகச் சொன்னால் அதைத்தான் பார்த்தார்.

அவள் இறங்கத் தொடங்கினாள். குறி சிவந்தது. “யா அல்லாஹ், இரு, இரு,” என்று பேட்டரியிடம் கெஞ்சினார். பாதிச் சரிவில் அவள் ஒரு வளைவு எடுத்தபோது ஸ்கிரீன் கருத்துவிட்டது. கேமராவைத் தட்டினார், குலுக்கினார், இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தித் தேய்த்தார். பின்னால் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் ருக்கையா மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையைத் தூக்கி விரல்களை விரித்து விரித்துக் காட்டுகிறாள். கேமராவை இன்னும் உயரமாகப் பிடிக்கச் சொல்கிறாளாக்கும் என்று எடுத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குச்சியையும் உயர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் ருக்கையா தலையில் அடித்துக்கொண்டது ஓசையில்லாமல் தெரிந்தது.

அவர் மறுபடி திரும்பியபோது ஹிஃப்ஸா பலகைகளோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். முழங்காலெல்லாம் பனி. மூக்கு சிவந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“நடுவுல விழுந்துட்டேன் வாப்பா! பட் நானே எந்திரிச்சு ஃபுல்லா வந்துட்டேன்! பாத்தீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். கடையில் தினமும் எத்தனையோ சொல்கிறவர்தான். “பேட்டரி மயங்கிருச்சும்மா,” என்றார்.

சிரிப்பு அவள் முகத்தைவிட்டு மெல்ல இறங்கிப் போனது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

“இன்னொன்னு சூடா இருக்குது,” என்று அவசரமாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “இன்னொரு தடவ போய்ட்டு வந்துருவோம், என்னா? இந்தத் தடவ பிடிச்சுருவேன். இன்ஷா அல்லாஹ் முழுசா.”

பயிற்சிப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, “ஒன் மோர், லாஸ்ட், யல்லா,” என்றாள். லிஃப்ட் நிறுத்த நேரமாகிவிட்டது.

“சரி, மாத்துங்க,” என்றாள் ஹிஃப்ஸா. அவர் பேட்டரி மாற்றும்போது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஊன்றுகோலைப் பனியில் குத்தப் போனவள் ‘ஸ்’ என்று இழுத்துக்கொண்டாள். கோல் நழுவி விழுந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. விரல் எரியுது.”

வலது கையில் கையுறை இல்லை. இரண்டு சைஸ் பெரிய அந்தக் கையுறை, வளர்ற பிள்ளைக்கென்று வாங்கிய கையுறை, அவள் விழுந்த இடத்திலேயே கழன்று பாதிச் சரிவில் கறுப்பாகக் கிடந்தது. மீதிச் சரிவு முழுக்க வெறுங்கையோடு வந்திருக்கிறாள். விரல்கள் நுனிவரை சிவந்து, மடங்க மறுத்து விறைத்திருந்தன. சதக்கத்துல்லா கண்ணாடிப் பக்கம் பார்த்தார். ருக்கையா இன்னும் கையை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது புரிந்தது.

ஜாக்கெட் ஜிப்பை இறக்கினார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார், மூன்றாவது பொத்தான் அறுந்தே போயிற்று. பனியன் பைக்குள் கைவிட்டுப் பேட்டரியை எடுத்தார். ஹிஃப்ஸா வழக்கம்போல் கேமரா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, சிரிப்பதற்குத் தயாராக நின்றாள். ‘டக்’கென்று கேமராவின் கதவு மூடும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

பேட்டரி ஜாக்கெட்டின் வெளிப்பாக்கெட்டுக்குள் விழுந்தது.

“வாப்பா! அது கபுர்ஸ்தான்!” என்று பதறினாள்.

“கெடக்கட்டும்,” என்று சொல்லி, மகளின் கையைப் பிடித்து இழுத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக ஃபிளானல் பைக்குள் இறக்கி, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.