சாமிக்கு முந்தின மூக்கு

புக்கிட் ரம்பாய்ல எங்க வீட்டு வாசல்ல ஒரு கொடி ரோஸ் வச்சேன். சுத்தி பேக்டரி. நம்ம வீடாவது மணக்கட்டுமேன்னு ஒரு ஆசை. செடி வித்த அக்கா, “பூத்தா தெருவே மணக்கும்ண்ணே”ன்னு சொன்னாங்க. பூக்கறதுக்கு முந்தியே தெரு நாறுச்சு. உரம்னு தெனமும் செடிக்கு மீன் கழுவுன தண்ணி ஊத்தினா வேற எப்படி இருக்கும்? பூனைங்கல்லாம் எங்க கேட்டுல மீட்டிங் போட்டுச்சு.

கொடி என்னமோ ராஃபியா கயித்த புடிச்சு ஏறி, பக்கத்து வீட்டு சீன அங்கிள் வேலி வரைக்கும் போயிருச்சு. பூதான் வரல. “இது ரோஸா, முள்ளு வேலியா?”ன்னு என் சம்சாரம் கேக்கும்போதெல்லாம், டாக்டர் மாதிரி ஒரு இலையத் திருப்பிப் பாத்து, “ஹ்ம்”னு சொல்லிட்டு உள்ள போயிருவேன்.

ஒருவழியா ஒரு மொட்டு விட்டுச்சு. வெள்ளிக்கிழமை காலையில விரிஞ்சிருச்சு. மூக்க நீட்டுறேன், பின்னாலேருந்து சத்தம்.

“ஏங்க! மோந்துறாதீங்க! மொதப் பூ சாமிக்கு!”

“லேசாதான்...”

“லேசா மோந்தாலும் எச்சில்தான். குளிச்சிட்டு வந்து பறிக்கிறேன். கிட்டப் போனீங்க, பாத்துக்குங்க.”

சாமி ரூம்ல சாம்பிராணி போட்டா, அப்புறம் பூவாவது வாசமாவது. என் ரோஸ் மணக்குதான்னு எனக்குத் தெரியவே போறதில்ல. மூச்ச அடக்கிக்கிட்டு காவலுக்கு நின்னேன். என் மூக்குக்கு நானே செக்யூரிட்டி கார்ட்.

அப்பதான் சீன அங்கிள் வெளிய வந்தாரு. பூவப் பாத்தாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மூக்க முழுசா வச்சு ஒரு இழு இழுத்தாரு. கட்டை விரலத் தூக்கி, “பாகுஸ் லா, பாஸ்! பாகுஸ்!”னாரு.

நல்லாருக்காம். அப்ப மணக்குது!

தலை துவட்டிக்கிட்டே என் சம்சாரம் வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டா.

“போச்சு. இனி சாமிக்கு ஆவாது.”

எனக்குள்ள கெட்டி மேளம். மூஞ்சிய மட்டும் சோகமா வச்சுக்கிட்டு, “என்ன பண்றது, எங்கிட்ட குடு”ன்னு கைய நீட்டினேன்.

பறிச்சா. கண்ண மூடி, மெதுவா, நல்லா மோந்தா. தலையில சொருகிக்கிட்டா. “கெளம்புங்க, பாசாருக்குப் போவணும்.”

பாச்சாங் மார்க்கெட் போற வரைக்கும் தலைய அவ பக்கமே சாய்ச்சு சாய்ச்சு கார் ஓட்டுனேன்.

“என்னங்க இன்னிக்கி இவ்ளோ பாசம்?”

“சும்மா லா.”

கொஞ்சம் ரோஸ் வாசம் வந்துச்சு. மிச்சம் ஷாம்பூ.