பறக்கும் பனங்காடையின் நீலம்

எங்கள் தெருச் சாக்கடையில் காலையில் ஆவாரம்பூ ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதுவே வாழைப்பூவாக மாறியிருக்கும். எந்த வீட்டு அண்டாவைக் கவிழ்த்தார்கள் என்பது, தண்ணீரின் மேல் மெல்லிய ஆவியாக எழுந்து மூக்கில் ஏறும் வெந்த பட்டின் வாசனையோடு சேர்ந்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தெருவில் பிறந்த எங்களுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற சொற்கள் பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகமாயின. வீட்டில் அவற்றுக்கு வேலை இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். வீட்டின் பின்கட்டில் விறகு அடுப்பு, செம்பு அண்டா, மூங்கில் கழிகளில் ஈரம் சொட்டத் தொங்கும் நூல்: இவ்வளவுதான் அவருடைய பட்டறை. தறிக்காரர்கள் வந்து நூலைக் கொடுத்துவிட்டு ஒரு செடியின் பெயரையோ, ஒரு பறவையின் பெயரையோ சொல்லிவிட்டுப் போவார்கள். "செம்போத்து" என்றால் அந்தப் பறவையின் இறக்கை நிறம், உடம்பின் கறுப்பு அல்ல. அதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. "ஆத்து மணல்" இரண்டு வகை: கமண்டல நாகநதி வறண்டு கிடக்கும்போது ஒன்று, வெள்ளம் வடிந்த மறுநாள் ஒன்று. "வாழைப்பூ" என்று மட்டும் சொன்னால் போதாது, "படவேட்டு வாழைப்பூ" என்று ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர்ப் பூவில் சிவப்பு சற்றுக் குறைவு என்பது தெருவின் தீர்ப்பு. சந்தேகம் வந்தால் சாயம் போட்ட நூலில் கொஞ்சத்தை விரலில் சுற்றிக்கொண்டு அந்தச் செடியிடமோ பறவையிடமோ நேராகப் போய்விடுவார்கள். ஏரிக்கரையில் விரலை நீட்டிக்கொண்டு ஒரு மீன்கொத்திக்காகக் காத்து நிற்கும் வளர்ந்த ஆண்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு.

அந்த வருஷம் ஐப்பசியில், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் கல்யாணப் புடவை நெய்யச் சொல்லி எதிர்வீட்டுத் தறிக்காரர் கன்னியப்பனிடம் வந்தது. தையில் முகூர்த்தம். பெண்ணின் அம்மா அரக்கு என்று முடிவு செய்திருந்தார். பெண்ணின் பெயர் வசந்தா. அவளோ தலையை நிமிர்த்தாமலே பனங்காடை என்றாள். கன்னியப்பன் அவர்களை அப்படியே எங்கள் பின்கட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது யார் கண்ணிலும் படாது. முதுகில் மண்ணின் நிறம், மார்பில் எருக்கம்பூவின் வெளிறல். எழுந்து பறந்தால்தான் அதுவரை மடித்து வைத்திருந்த இளநீலமும் கருநீலமும் இறக்கையில் விரியும். வசந்தா வீட்டு மோட்டார் கொட்டகைக் கம்பியில் ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்குமாம்.

"உடம்பு அது உக்காந்துகினு இருக்கிற மாதிரி வேணும்ங்க. முந்தி, அது பறக்கிற மாதிரி," என்றாள் நைனாவிடம்.

அவள் அம்மா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை, சரி என்று தலையசைத்தார்.

உடம்புக்கான நூல் ஒரே தடவையில் சரியாக வந்தது. முந்திக்கான நீலத்தைத்தான் கன்னியப்பன் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி, "இன்னாண்ணா, பறக்கச் சொன்னா இது நடந்து போவுது," என்றார். தறி ஓடிக்கொண்டிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்தது, நைனாவும் சேர்ந்து சிரித்தார். இரண்டாவது தடவை போட்ட நூலைக் கொண்டுவந்தபோது கன்னியப்பன் எந்தக் கிண்டலும் செய்யவில்லை. நூலை அண்டா ஓரத்தில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே போய்விட்டார். அந்த மௌனத்தின் பொருள் எங்கள் அம்மாவுக்கு உடனே புரிந்தது. மூன்றாவது தடவையும் தவறினால் நூல் வேறு பட்டறைக்குப் போகும். ஒருவர் நூல் போனால் பின்னாலேயே எல்லோர் நூலும் போய்விடும். சாயக்காரரிடம் மற்றவர்கள் நம்பியது அவர் கையை அல்ல, கண்ணை.

அன்று சாயங்காலம் நைனா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து ஏரிக்கு அழைத்துப் போனார். கரையில் தலை முறிந்த பனை ஒன்று நின்றது, அதன் உச்சியில் பனங்காடை. நாங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தோம். ஏரி நிறைந்திருந்தது, காற்று நின்றிருந்தது, தண்ணீருக்குள் இன்னொரு பனை தலைகீழாக நின்றது. எதையோ கண்டு பறவை சரிந்து இறங்கியபோது தண்ணீரின் மேல் ஒரு நீலக்கோடு இழுத்த மாதிரி இருந்தது. நான் கையைத் தட்டியிருக்க வேண்டும். நைனா பறவையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுதா பாப்பா," என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இப்பல்லாம் அது பறந்தாலும் உக்காந்துகினு இருக்கிற மாதிரியேதான் கீது."

கண்ணில் புரை விழுந்தால் முதலில் மங்குவது நீலம்தான் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இதை யாரிடமும் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். அடுப்பு எரிந்தது, ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிய வெளிச்சத்தில் ஆவி சுருண்டு சுருண்டு ஏறியது. நைனா கழியைப் புரட்டிப் புரட்டி நூலை முக்கி எடுப்பார். நான் அம்மிக்கல்லின் மேல் ஏறி நின்று பார்த்துச் சொல்வேன். நீலம் என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. மீன்கொத்தி முதுகு என்றேன். சாயத்தூளை ஒரு சிட்டிகை சேர்த்தார். நாவல்பழம் பக்கம் போகிறது என்றேன், தண்ணீர் ஊற்றினார். சங்குப்பூ என்றேன். காலையில் பூத்ததா, சாயங்காலம் வாடியதா என்று கேட்டார். காலையில் பூத்தது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே நூலைப் புரட்டினார். என் வாயிலிருந்து போன ஒவ்வொரு பெயரும் அவருக்குள் எங்கோ ஒரு வேலியோரத்தில், ஒரு வரப்பில் போய் நின்று, அவர் நல்ல கண்ணோடு என்றோ பார்த்து வைத்திருந்த பூவையும் பறவையையும் எடுத்துவந்து கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. ஒரு தடவை கழி மேலே வந்தபோது எனக்கு ஏரித் தண்ணீர் தெரிந்தது.

"பறக்குது நைனா," என்றேன்.

உடனே நூலை எடுத்துவிட்டார்.

கன்னியப்பன் அதை வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இப்பதாண்ணா எறக்க மொளைச்சிருக்குது," என்று தோளில் போட்டுக்கொண்டு போனார். தையில் கல்யாணத்துக்கும் போய்வந்தார். தாலி கட்டுகிறவரைக்கும் அந்தப் பொண்ணு உட்கார்ந்துகொண்டே இருந்ததாம். எழுந்து அக்கினியைச் சுற்றி வரும்போது காற்றில் முந்தி விரிந்ததும், பந்தலில் இருந்த கிழவர் ஒருவர் தன்னை மறந்து மோட்டார் கொட்டகைக் கம்பியைத் திரும்பிப் பார்த்தாராம். கன்னியப்பன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். மீதிப் பாதியே நைனாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த மழைக்காலம் வரை ஒவ்வொரு நிறத்துக்கும் நான் அம்மிக்கல்லின் மேல் நின்றேன். பிறகு ஒரு கண் சிகிச்சை முகாமில் அறுவை நடந்தது. தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், ஆளைப் பார்க்கும் முன்பு, பீரோவில் வைத்திருந்த அந்த நீல நூல் மிச்சத்தைத்தான் கேட்டார். விரலில் சுற்றிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் தூக்கலாத்தான் சொல்லிட்டே பாப்பா," என்றார். "பரவால்ல. அந்தப் பொண்ணுக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கும்."

இப்போது தெருச் சாக்கடைக்கு மூடி போட்டிருக்கிறார்கள். சாயம் வேறெங்கோ போடப்படுகிறது. நிறத்துக்கு எண் இருக்கிறது, எண்ணுக்கு அட்டை இருக்கிறது, நூலும் தவறாமல் அந்த எண்ணிலேயே வந்து சேர்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏரிக்கரைப் பனை விழுந்து பல காலம் ஆகிவிட்டது. பனங்காடை மட்டும் மின்கம்பிக்கு மாறிக்கொண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

போன பொங்கலுக்குத் தம்பி மகளோடு அந்தப் பக்கம் நடந்தேன். கல்லூரியில் படிக்கிறாள். பறவை கம்பியிலிருந்து எழுந்தது. இறக்கை விரிந்ததைப் பார்த்தேன். நைனாவுக்கு அன்று தெரிந்த மாதிரி, விரிந்த இறக்கையிலும் எனக்கு மண்ணின் நிறம்தான் தெரிந்தது. நின்று, அது என்ன நிறம் என்று அவளிடம் கேட்டேன்.

"ப்ளூ அத்தை."

"எந்த ப்ளூ?"

பறவை போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ப்ளூதான் அத்தை," என்றாள்.

அவள் கண் நல்ல கண். நான் அந்த வயதில் பார்த்ததைவிடத் தெளிவாகவே பார்த்திருப்பாள். அதை எடுத்து என்னிடம் கொடுக்க அவளிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.