மாஸ்டர் வாசலுக்கு ஒரு ரயில்

சின்னராசா அண்ணர் படகு இஞ்சின் திருத்துபவர். கையில் கிறீஸ், காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு சமாதானம். எந்த இஞ்சினையும் ஓட வைத்துவிடுவார். முதலில் அது ஏன் நின்றது என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது.

அவரிடம் ஒரு விளையாட்டு ரயில் உண்டு. உப்புவெளி விடுதியொன்றில் தங்கிய வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போனது. பற்றரியில் ஓடும். ஒரு இஞ்சின், ஒரு பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற பிளாஸ்டிக் தண்டவாளம். நத்தாருக்கு நத்தார் அது அண்ணர் வீட்டு யேசு பாலன் குடிலைச் சுற்றி ஓடும். பெட்டியில் ஒரு துண்டு கேக் வரும். வருகிறவர்கள் ஆளுக்கொரு சுற்று நின்று, தங்கள் கேக்கைத் தாங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் குறுகிய ஒழுங்கையில் குடியிருக்கும், கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

எல்லோருக்கும் அது ரயில். எதிர்வீட்டுக் கனகசுந்தரத்துக்கு மட்டும் இல்லை. அவர் முப்பத்தொரு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். கேக்கைத் தின்று முடித்து, விரலையும் நக்கிய பிறகுதான் தீர்ப்புச் சொல்வார்.

“புறப்பட்ட இடத்துக்கே வந்து நிக்கிறதை ரயில் எண்டு சொல்ல ஏலாது, சின்னராசா. அதோட ஒரேயொரு பெட்டி. இது வண்டில்.”

மாஸ்டர் வாயால் ஒருதரம் ‘ரயில்’ என்று வரவேண்டும். அண்ணருக்கு வேறு ஆசை கிடையாது. இந்த முறை நாலு பெட்டி பூட்டுவதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நத்தாருக்கு ஏழு நாள் இருக்க ரயிலை வெளியே எடுத்தால், வளைந்த தண்டவாளத்தில் இரண்டு துண்டைக் காணவில்லை.

அவர் மனைவி சுலோஜனா குசினி அடுப்படியில் இருந்தபடியே சொன்னார்: “ஆடி மாசம் தங்கத்துரையின்ர இஞ்சினுக்கு ஆப்பு வைக்க ரெண்டு கொண்டு போனீங்கள். நான் அப்பவே கேட்டனான்.”

அண்ணர் மோட்டார் சைக்கிளில் இறக்கக்கண்டிக் கடற்கரைக்குப் பறந்தார். தங்கத்துரையின் படகில், இஞ்சினுக்கு அடியில் இரண்டு துண்டும் பத்திரமாக இருந்தன.

“அந்தக் கறுப்புத் துண்டு ரெண்டையும் கழட்டித் தா, தங்கத்துரை.”

“என்ன கதை அண்ணை இது? ஜப்பான் சாமான், இதை வச்சாத்தான் இஞ்சின் அதிராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“சொன்னனான்தான்...”

“பிறகு ஒருநாளும் அதிரேல்ல. நடுக்கடலில என்ர உசிர் அதிலதான் நிக்குது. ஏலாது. இன்னும் மூண்டு பேர் தங்கட படகுக்கும் அது வேணுமாம். வாங்கிக் குடுங்கோ.”

சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் அண்ணர் நகரத்துக்குத் திரும்பி, பழைய சாமான் கடை வைத்திருக்கும் கிண்ணியா அபூதாஹிர் நானாவிடம் போனார்.

“வளைஞ்ச தண்டவாளம் ரெண்டு வேணும், நானா.”

அபூதாஹிர் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். “வளைஞ்சது ஒண்டுமில்ல. நேர் இரிக்கி. கொழும்பு வரைக்கும் போடலாம்.”

“பெட்டி மூண்டு இருக்கோ?”

“ரெண்டு இரிக்கி. மத்ததுக்கு இந்த அம்புலன்சைப் பூட்டுங்க. நாலு சில்லுத்தானே?”

“ரயிலில அம்புலன்ஸ் எதுக்கு, நானா?”

“உங்கட ரயிலுக்கு முதல்ல அதுதான் வேணும்.”

அண்ணர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். துண்டுகளின் முனையை அரத்தால் ராவிப் பொருத்தினார். அம்புலன்சின் சில்லுகளை நெருக்கிப் பூட்டி, பெட்டிகளைத் தூண்டில் கொக்கியால் இணைத்தார். நேர்த் தண்டவாளம் குடிலில் தொடங்கி, வாசற்படியில் ஒரு பலகை வழியாக இறங்கி, முற்றத்தைத் தாண்டி ஒழுங்கையை நோக்கி நின்றது. அதே நேரம் மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது: முழங்கால் வீக்கம், இந்த முறை கேக்குக்கு வர ஏலாது.

“அவர் வர ஏலாதெண்டா ரயில் போகட்டும்” என்றார் அண்ணர். மிச்சத் துண்டுகள் ஒழுங்கையைக் கடந்து மாஸ்டரின் வாசல் படலை வரை போயின. ஒரு துண்டுக் காகிதமும் முன்கூட்டியே போனது: ‘புறப்பாடு 5.00. மாஸ்டர் வாசல் 5.03.’

நத்தார் அன்று சரியாக ஐந்து மணிக்கு, பெட்டிக்கொரு கேக்குடன் ரயில் புறப்பட்டது. ஒழுங்கையில் சுலோஜனா ரயில் கடவைக் கேற் மாதிரி விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்து ஓட்டோவையும் மீன்காரரின் சைக்கிளையும் மறித்தார்.

“அக்கா, கேற்றைத் திறவுங்கோ. ஐஸ் கரையுது.”

“ரயில் வருகுதெல்லோ? நில்லும்.”

நின்றார்கள். நிற்காதது மான். எங்கள் நகரத்துத் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் புள்ளிமான்களில் ஒன்று, தின்றுகொண்டிருந்த வாழைத்தோலை விட்டுவிட்டு நிதானமாக வந்து தண்டவாளத்தின் குறுக்கே நின்றது. இஞ்சின் அதன் குளம்பில் மூக்கை முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சில்லைக் கிர்ரென்று சுற்றியது. மான் முதற்பெட்டிக் கேக்கைத் தின்றது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. அண்ணர் கும்பிட்டார், கத்தினார், உடுத்திருந்த சாரத்தை உதறிக் காட்டினார். அது அம்புலன்சையும் முடித்துவிட்டு, வந்த வழியே போனது.

வெறும் பெட்டிகள் நாலும் கடகடவென்று மாஸ்டரின் படலையில் போய் முட்டி நின்றன. மாஸ்டர் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். பெட்டிகளைப் பார்த்தார். அம்புலன்சைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினொரு நிமிசம் லேட்டு. காரணம்?”

“மான், மாஸ்டர்.”

“எங்கட காலத்தில யானை” என்றார் மாஸ்டர். “சரி, என்ர கேக்கை அடுத்த ரயிலில அனுப்பு.”

‘ரயிலில’ என்று அண்ணர் ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு இஞ்சினையும் பெட்டிகளையும் கமக்கட்டில் செருகிக்கொண்டு ஒழுங்கையைக் குறுக்கே பாய்ந்து ஓடினார்.

“சுலோ, கேட்டனீரே? கேற்றைத் திரும்பவும் போடும்!”